வெள்ளிக்கிழமை வைத்த கண்

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஒரு நீளச் சுவர் எதற்கும் ஆகாமல் கிடந்தது. மழைநீர் இறங்கிய கறுப்புக் கோடுகள், பாதி கிழிந்த தேர்தல் முகங்கள், யார் யாரோ ஒற்றைக் காலை ஊன்றி நின்று பதித்த செருப்புத் தடங்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் இப்படி ஒரு சுவர் தப்பிக்க முடியாது. யாராவது அதில் ஒரு குழந்தையையோ பூனையையோ வரைந்துவிடுவார்கள். மறுநாள் காலை அதன் முன்னால் சுற்றுப்பயணிகள் வரிசை பிடித்து நிற்பார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருந்தும் எங்களிடம் அந்த வரிசை வந்ததில்லை.

எங்களிடம் இருந்தது வேறு. பெருந்தொற்றின்போது சன்னலில் வெள்ளைத் துணி கட்டி, சாப்பிட ஒன்றுமில்லை என்று வெளியே சொன்ன வீடுகள் இங்கே இருந்தன. பிறகு துணிகளை அவிழ்த்துவிட்டார்கள். பசியை அவிழ்க்கத் தெரியவில்லை. அது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. மாலை ஆறு மணிக்கு எங்கள் ஆறாவது மாடி நடைவழியில் ஒரு தடவை நடந்தால் போதும்: ஒரு கதவில் வெங்காயம், ஒரு கதவில் கருவாடு, இன்னொரு கதவில் பெலாச்சான் இறால் விழுதின் காரம் மூக்கில் ஏறும். நடுவில் ஒரு கதவு ஒன்றுமே சொல்லாது. அந்தக் கதவைத் தாண்டும்போது நான் காலை எட்டிப் போட்டிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் போட்டிருப்போம்.

அப்போது ஓர் அமைப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சுவரில் ஓவியம், ஓவியத்துக்கு முன்னால் உணவு அலமாரி. இருக்கிறவர் வைக்கலாம், இல்லாதவர் எடுக்கலாம். பெயர் எழுத வேண்டாம், விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டாம், யாரும் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். படம் இருந்தால் மக்கள் சும்மாவாவது அங்கே வந்து நிற்பார்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒருவர் அரிசி எடுத்தால் அது பிச்சையாகத் தெரியாது என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையில் லைன் லீடர். அவ்வப்போது எழுதுகிறவள் என்று குடியிருப்பில் சிலருக்குத் தெரியும். சுவருக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான் இரண்டு வரியோடு நிற்கவில்லை.

அவர்கள் கொண்டுவந்த மாதிரிப் படத்தில் மூன்று பெண்கள். ஒரு மலாய்க்காரப் பெண், ஒரு சீனப் பெண், ஓர் இந்தியப் பெண். மூவரும் பல் தெரியச் சிரித்தபடி ஒரே தட்டில் கை வைத்திருந்தார்கள். "இது விமான டிக்கெட் விக்கிற படம்," என்றேன். பசியைப் பற்றிய சுவரில் எதற்கு இந்தச் சிரிப்பு? ஒரே ஒரு பெண் போதும். சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியருகே ஒரு பானை, கையில் கரண்டி, எதிரில் வந்து நிற்பவரை நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வாதாடினேன். ஜெயித்தேன். சேலைக்கு மஞ்சளும் கரைக்குப் பச்சையும் நான் சொன்ன நிறங்கள்தான். கறுத்த சுவருக்கு எடுப்பாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. யாராக வேண்டுமானாலும் என்று நான் சொன்ன அந்த யாரோ, சேலை கட்டியிருந்தாள் என்பதே என் புத்தியில் ஏறவில்லை.

அலமாரியைக் கொடுத்தவள் என் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளியிருந்த பெண். தமிழ் முஸ்லிம். அவள் கணவர் ஒரு காப்பிக்கடை ஓரத்தில் சின்னதாக நாசி கண்டார் சோற்றுக்கடை போட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கடை போனது, குழம்புச் சட்டிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி மட்டும் வீட்டுக்கு வந்து, துணிமணியும் பள்ளிப் புத்தகமும் வைக்கிற இடமாகிவிட்டது. "எடுத்துட்டுப் போங்கக்கா. தினமும் அவர் கண்ணு முன்னாடி நிக்குது. பார்த்துட்டுப் பார்த்துட்டு மொகத்த சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறாரு," என்றாள். மின்தூக்கியில் இறக்கும்போது உள்ளே இன்னும் மீன் குழம்பு வாசம் அடித்தது.

அவளுக்கு ஒரே மகள். பதினெட்டு வயது, ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வருடம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவள் என்பதால் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதல். வேதியியலில் வகுப்பிலேயே முதல். நடைவழி விளக்குக்குக் கீழே சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டே சமன்பாடு ஒப்பிப்பாள். தாய் கெலுகோரில் மாணவர் விடுதி ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் கணவருக்குக் கட்டும் டயப்பருக்குமே இழுபறியாக இருந்தது. அலமாரி வரப்போகிறது என்று தெரிந்த அன்று அவள் என்னிடம் மறைக்காமல் சொன்னாள்:

"அரிசி மட்டும் அங்கேர்ந்து கெடைச்சா போதும்க்கா. எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் பொண்ணு படிச்சிரும். இல்லாட்டி இந்த வருசமே வேலைக்கு அனுப்பணும். வேற வழி இல்ல."

ஓவியம் மூன்று வாரம் நடந்தது. வரைந்தவள் முப்பதைத் தாண்டாத ஒரு சீனப் பெண். மலாயில்தான் பேசிக்கொள்வோம். சாரத்தின் மேல் ரேடியோ வைத்துக்கொண்டு, எங்கள் குடியிருப்புக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த தேநீரையெல்லாம் மறுக்காமல் குடித்தாள். அலமாரியை முதல் வாரமே வைத்துவிட்டோம். கனமானவை கீழ்த்தட்டில்: அரிசி, மாவு, எண்ணெய். நடுவில் முட்டை, டின் சார்டின், பருப்பு. மேலே பிஸ்கட், ரொட்டி. அலமாரிக்கு மேலே, சுவரில், என் வரிகள், மூன்று மொழியிலும்: கேட்க வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு இலேசாகிறது. மலாய்க் குடும்பங்கள் எடுத்தன, வைத்தன. இரண்டாம் மாடிச் சீனப் பாட்டனார் ஒருவர் தினம் ஒரே ஒரு முட்டை எடுத்தார், சனிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார். மூன்று கதவு தள்ளி, ஒன்றும் சொல்லாமல் இருந்த கதவு மாலை ஆறு மணிக்கு வெங்காயம் வதக்க ஆரம்பித்தது. ஒருநாள் நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அந்த மகள் கூப்பிட்டாள். "ஆண்டி, இன்னிக்கி சார்டின் சம்பால். நான் செஞ்சது. அம்மா உப்பு ஜாஸ்தின்றாங்க, நீங்க சொல்லுங்க." உப்பு அதிகம்தான். நன்றாயிருக்கிறது என்றேன்.

முகம் முடிந்தது. கண்ணை மட்டும் ஓவியக்காரி விட்டு வைத்தாள். கண் சரியாக விழ நல்ல காலை வெளிச்சம் வேண்டும் என்றாள். வியாழன் மழை. எனக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு. "வெள்ளிக்கிழமை காலைல போடு, நானும் பார்க்கணும்," என்றேன். அது ஆடி வெள்ளி. என் அம்மா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார்.

காலை ஒன்பது மணி. கோயிலுக்குப் போய் ஈரத் தலையோடு திரும்பிய பெண்கள் நின்றார்கள். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவர்கள் பையோடு நின்றார்கள். ஓவியக்காரி சாரத்தின் மேல் மண்டியிட்டு இடது கண்ணின் கருமணியை வைத்தாள். கூட்டம் நெருங்கி வந்தது. வலது கண்ணை வைத்தாள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் லோரி அண்ணன் (பினாங்குத் துறைமுகத்துக்கு நாற்பது வருடம் லோரி ஓட்டியவர்) செருப்பைக் கழற்றினார்.

"தொறந்துட்டா," என்றார்.

யாரோ ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி. சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், திறந்தபிறகு அது கல் இல்லை என்று தெரிந்த அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள், நான் உட்பட.

"அண்ணே, பெயிண்ட் லா அது," என்றேன்.

"பெயிண்ட்தான். கோயில்ல மட்டும் என்னா, தங்கமா? அதுவும் கல்லுதானே. மஞ்ச சேலை, பச்சக் கரை, கையில கரண்டி. நீயேதான் சொல்லி வரைய வெச்சேன்னு வரையிற பாப்பா சொல்லுச்சி. ஒனக்குத் தெரியாமலா சொன்ன?"

சாரத்தின் மேலிருந்து ஓவியக்காரி என்னைக் கேட்டாள்: "உங்க ஆளுங்க கைதட்டுறதுக்குப் பதிலா இப்படித்தான் செய்வாங்களா?"

ஆமாம் என்று சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டு கும்பிட்டாள்.

முதலில் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. விளையாட்டாக யாரோ வைத்தார்கள் என்று நினைத்தோம். அடுத்த வெள்ளி ஓர் எலுமிச்சம்பழம். பிறகு ஆணி அடித்து மாலை. லோரி அண்ணனின் மனைவி வாரம் மூன்று முறை சிறுநீரக டயாலிசிஸுக்குப் போகிறவர். அண்ணன் சூடம் காட்டிய வாரம் அந்த அம்மாவுக்கு வாந்தி நின்றது. அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? இரண்டாம் மாடிப் பாட்டனாரும் மூன்று ஊதுவத்தி கொளுத்திக் குத்திவிட்டுப் போனார். நாலு எண் லாட்டரிக்காரர்கள் ஏதாவது எண் தெரிகிறதா என்று சுவரைச் சுரண்டிப் பார்த்தார்கள். அலமாரியில் சாமான் குவிந்தது. பால், தேங்காய், பழம், சர்க்கரைப் பொங்கல். அண்டைவீட்டானுக்கு ஒரு டின் பால் வைக்க யோசித்தவர்கள் அவளுக்குப் பெட்டி பெட்டியாக வைத்தார்கள். அமைப்பிலிருந்து வந்து படமெடுத்தார்கள். கலை ஒரு சமூகத்தின் மனசைத் திறந்துவிட்டது என்று அவர்களில் ஒருவர் மலாயில் சொன்னார். நானும் தலையாட்டியிருக்கிறேன். படத்தில் இருக்கிறது.

பிறகு ஒருநாள் சார்டின் டின்கள் காணாமல் போயின. யாரும் திருடவில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில், முட்டைகளோடு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அம்மா முன்னாடி மீனா?" என்றார் லோரி அண்ணன். "நீயே சொல்லு, ஞாயமா?"

"அது சாப்பாட்டு அலமாரிண்ணே."

"சாப்பாடுதான். சைவச் சாப்பாடு. யாரு வேணாம்னா? எல்லாரும் எடுத்துக்கலாம். மலாய்க்காரங்க, சீனவங்க, துலுக்கவங்க, யாரு வேணாலும். அம்மா யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

அவர் மனதார அப்படி நம்பினார். கதவை அகலத் திறந்து வைத்திருப்பதாகவே நினைத்தார்.

மலாய்க் குடும்பங்கள் சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதை விட்டார்கள், அவ்வளவுதான். மூன்று கதவு தள்ளி மறுபடியும் வாசம் நின்றது. நான் நடையை எட்டிப் போடாமல் கதவைத் தட்டினேன்.

அவள் கணவரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அரிசி எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"படையல் வெச்சது எங்களுக்கு ஆகாதுக்கா. உங்கள குத்தம் சொல்லல. உங்க வழி உங்களுக்கு."

"பொங்கல எடுக்க வேணாம். அரிசி பாக்கெட்ல தானே இருக்கு? சூப்பர் மார்க்கெட் பாக்கெட், பிரிக்காதது."

அவள் துணியை மடித்து வைத்தாள். பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"அரிசி எங்க இருக்கு? கீழ்த்தட்டுல. எடுக்கணும்னா என்னா பண்ணணும்? முட்டி போட்டுக் குனியணும். யாருக்கு முன்னாடி? முந்தாநாள் குனிஞ்சேன். பின்னால ஒரு பொம்பள சொல்றா, 'பாரு, துலுக்கச்சிகூடக் கும்பிடுறா, அம்மா சக்தி பாரு'ன்னு. கையில எடுத்த பைய அப்பிடியே வெச்சிட்டு வந்துட்டேன்."

கட்டிலில் கிடந்தவர் இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"பொண்ணு?" என்றேன்.

"படிக்கிறா. இன்னும் மூணு மாசம். பார்ப்போம்."

கனமானவற்றைக் கீழே வைக்கச் சொன்னதும் நான்தான். அலமாரி சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

அலமாரியை இடம் மாற்றுவதென்று முடிவு செய்தேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் கையைப் பிசைந்தார், கடைசியில் ஒப்புக்கொண்டார். நாலு பேராகத் தூக்கி எதிர்க் கட்டடத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் வைத்தோம். லோரி அண்ணன்கூடக் கை கொடுத்தார். சுத்தமாகத் துடைத்து, என் பணத்தில் அரிசியும் சார்டினும் முட்டையும் அடுக்கினேன். முதல் நாளே எல்லாம் போய்விட்டது. மகிழ்ந்தேன். மறுநாள் யாரும் ஒன்றும் வைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சுவருக்கு முன்னால், வெறும் சிமெண்டுத் தரையில், பால் டின்களும் அரிசிப் பைகளும் குவிந்துகொண்டே இருந்தன. அவற்றைக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கிப் பார்த்தேன். குங்குமம் ஒட்டிய பைகள். எடுக்க வேண்டியவர்களுக்கு அவை எங்கிருந்து வந்தன என்று தெரியும். ஐந்தாவது நாள் அலமாரியில் இருந்தவை நசுங்கிய ஒரு டின்னும் யாரோ விட்டுப்போன ஒரு பழைய தலைக்கவசமும்தான். கண்ணாடி வழியாக அந்தத் தலைக்கவசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று மூன்று வாரம் நம்பியிருந்தேன். கொடுக்கப் பழகியிருந்தோம், அது உண்மை. யாருக்கு என்பதுதான் இப்படி ஒரே காலையில் மாறிவிடக்கூடியதாக இருந்திருக்கிறது.

பிறகு நானே மூன்று கதவு தள்ளி அவள் வீட்டுக்கு அரிசி சுமக்க ஆரம்பித்தேன். முதல் தடவை வாங்கிக்கொண்டாள். இரண்டாம் தடவை, "எதுக்குக்கா," என்று சொல்லிக்கொண்டே வாங்கினாள். மூன்றாம் தடவை நான் கூப்பிட்ட குரலுக்குத் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது, கதவு திறக்கவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் அது என் கதவில் மாட்டியிருந்தது. மறுநாள் மின்தூக்கியில் அவள் என்னைப் பார்க்காமல், ஏறுகிற எண்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. அலமாரியில எடுத்தப்ப யாரு வெச்சான்னு எனக்குத் தெரியாது, யாரு எடுத்தான்னு உங்களுக்குத் தெரியாது. இப்ப நீங்க கதவ தட்டுனா ரெண்டு பக்கத்து வீடும் எட்டிப் பார்க்குது. அவருக்குப் பேச்சு வராது, காது கேக்கும்."

ஆறாவது மாடி வந்தது. அவள் முதலில் இறங்கினாள்.

ஓவியக்காரியைத் தொலைபேசியில் அழைத்துக் கண்ணை மட்டும் அழித்துத் தரக் கேட்டேன். "என் அம்மா திட்டுவாங்க," என்றாள். "நான் வரைஞ்சதுதான். ஆனா இப்ப அது என்னுது இல்ல. ஊதுவத்தி வெச்சத நானே பார்த்தேன். நீங்க செய்யுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

செய்யத்தான் இறங்கினேன். ஒரு ஞாயிறு மதியம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். வெள்ளைச் சாய டின், தூரிகை, ஒரு நாற்காலி. எனக்குக் கும்பிடும் பழக்கம் விட்டுப்போய் இருபது வருடமாகிறது. கூட்டங்களில் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். சுவருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் லோரி அண்ணனின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். கை வீங்கி, ஊசி குத்திய இடங்களில் பச்சையாகக் கன்றியிருந்தது.

"யாரு? நீயா. கையில என்னா அது?"

"பெயிண்ட்க்கா."

"அம்மாவுக்கா? நல்லதும்மா. சூடப் பொகை பட்டு மேல எழுத்தெல்லாம் கரியாப் போச்சி, ஒண்ணும் படிக்க முடியல. மொதல்ல அதுக்கு ஒரு வெள்ளை அடிச்சி விடு. அசிங்கமா இருக்குல்ல?"

நாற்காலியில் ஏறினேன். கரி படிந்த என் வரிகள் இடது பக்கம், அவள் கண்கள் வலது பக்கம், ஒரு முழத் தொலைவு. தூரிகையை முக்கினேன். பயந்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இத்தனையும் பொய். யாருடைய கண் போகும் என்று கேட்கும் ஒரு குரல் எனக்குள்ளேயே இருந்தது, என் வயதுக்குச் சற்றும் பொருந்தாத குரல். கீழே அந்த அம்மா கழுத்தை நிமிர்த்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டாம் என்பதை முதலில் அழித்தேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்பதைப் பிறகு. மலாய், சீனம், எல்லாவற்றின் மேலும் வெள்ளை. இறங்கி வந்தேன்.

"இப்ப பளிச்சுன்னு இருக்கு," என்றார் அவர்.

இரண்டு வாரம் கழித்து மூன்று கதவு தள்ளி இருந்தவளே என் கதவைத் தட்டினாள். நல்ல சட்டையும் முக்காடும் போட்டிருந்தாள், எங்கோ விசேஷத்துக்குப் போகிறவள்போல. பின்னால் மகள். பள்ளிச் சீருடை இல்லாத ஒரு வேலை நாள் காலை.

"உள்ள வாங்க," என்றேன்.

"இல்லக்கா, நிக்கிறேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சோறு கேக்க வரல."

"சொல்லு."

"உங்க பேக்டரில ஆள் எடுக்கிறாங்களாமே. இவள எடுத்து விடுவீங்களா? பதினெட்டு ஆயிருச்சி. ஐசி கார்டு இருக்கு. நீங்க சொன்னா எடுப்பாங்கன்னு சொன்னாங்க."

"பரீட்சை?"

"அது அடுத்த வருசம் தனியா எழுதலாம்னு சொல்றா."

"நான் சொல்லல, நீங்கதாம்மா சொன்னீங்க," என்றாள் மகள். சத்தமில்லாமல், திருத்துகிறவள்போல. பிறகு என்னைப் பார்த்து, "எழுதலாம் ஆண்டி, எழுதலாம்தான்," என்றாள்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டுமா? நான் மறுத்திருந்தால் ஓர் ஏஜெண்டு பிடித்து, கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் ஊரில் எங்காவது சேர்த்திருப்பார்கள். விடுதியில் தங்க வேண்டியிருக்கும். இங்கென்றால் வீட்டுக்கு வரலாம். இப்படியெல்லாம் நான் எனக்கே அடுக்கிக்கொண்டேன். அவர்கள் வாசலில் நின்றபடியே இருந்தார்கள். அந்தத் தாய் வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்கிறாள், அதுவும் இது. விண்ணப்பப் பாரத்தை எடுத்துவந்து என் மேசையில் வைத்து நிரப்பினோம். பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கல்வித் தகுதி என்ற இடத்தில் மகள் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, நான்காம் படிவம் என்று எழுதினாள்.

முதல் நாள் ஆலைப் பேருந்தில் அவள் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்தாள். கட்டடத்தைத் தாண்டும்போது பள்ளிப் பேருந்து ஒன்று எதிரே வந்தது. அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலையில் அவளுக்கு நீல மேலங்கி, வலைத் தொப்பி, காலணி எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். வேலையை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் கற்கிறதை மூன்று மணி நேரத்தில் கற்கிறாள் என்று மேற்பார்வையாளர் என்னிடம் பாராட்டினார். "எங்கேர்ந்து புடிச்சீங்க?" என்றார்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஆலையில் மதியச் சோறு இலவசம். கறி ஒன்று, காய் ஒன்று, அளந்துதான் வைப்பார்கள். சோறு நாமே போட்டுக்கொள்வது. அவள் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டாள். எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். தட்டில் ஒரு பருக்கை இல்லை. விரலைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, மேசைக்கு மேல் கொஞ்சம் குனிந்து கேட்டாள்:

"ஆண்டி, சோறு திரும்பப் போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்மா."

"யார்கிட்டயும் கேக்கணுமா?"

"வேணாம்."

"எத்தன தடவ?"

எத்தனை தடவை வேண்டுமானாலும் என்றேன். அவள் எழுந்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோற்றுப் பானை இருந்த பக்கம் வேகமாக நடந்தாள்.